அணியிற் சேர்தற்கு உரியார் யார்?

நமது கல்லூரியின் பொன்விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர்க்கிடையே துடுப்பாட்டப் போட்டியொன்று நடாத்தல் வேண்டுமெனச் சென்ற தைத் திங்களிற் கூடிய கூட்டத்திலே தீர்மானிக்கப்பட்டது. தீர்மானம் ஐந்து நிமிடத்தில் நிறைவேறிற்று. ஆயின், அணியிற் சேர்தற்கு உரிய பழைய மாணவர் யார் என்னும் வினா எழுந்தபோது, இரண்டு மணி நேரம் கழிந்தும் விடை கிடைத்திலது. சாதாரண தரம் வரை இங்குப் படித்தவரே பழைய மாணவர் என்றார் ஒருவர். எட்டாந் தரத்தோடு நின்று இறப்பர் மரத்திற் பால் வெட்டப் போனவன் பழைய மாணவன் அல்லனோ என மற்றொருவர் வெகுண்டார். மூன்றாண்டு இங்கும் எஞ்சிய காலம் நகரத்துச் சிங்களப் பாடசாலையிலும் படித்த அன்பர் ஒருவரின் பெயர் வந்தபோது சபையிலே சிரிப்பொலி எழுந்தது. 'அவர் எந்தப் பக்கம்?' என்று யாரோ வினவினர். அவர் நன்றாகப் பந்து வீசுபவர். ஆதலால் அவரை நம் பக்கத்தவரெனக் கொள்ளச் சிலர் விரைந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது.

நாம் அன்று வாய் திறவாதிருந்தோம். அதே வினாவைத் தாங்கிய கடிதம் ஒன்று அப்போது எமது சட்டைப்பையில் இருந்தமையே காரணம்.

கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து, ஆறாந் தரம் முதல் எம்மிடம் தமிழ் கற்று, இன்று கடல்கடந்த நகரொன்றிலே தொழில் புரியும் மாணாக்கர் ஒருவர் எழுதிய கடிதம் அது. அவரது இசைவு பெற்றே இதனை எழுதுகின்றோம். பெயரும் ஊரும் கூறோம். அந்நகரிலே தன்பாலீர்ப்புடைய ஆடவர் தமக்கென ஏற்படுத்திக் கொண்ட கரப்பந்தாட்டக் கழகம் ஒன்றுண்டு. அதிலே அவர் ஓராண்டாக ஆடி வந்தார். பின்னர் நிகழ்ந்ததை அவர் சொற்களிலேயே தருகின்றோம்: 'சேர், முன்பு நான் ஒரு பெண்ணை விரும்பினேன். அது பொய்யில்லை. இப்போது ஒருவரோடு வாழ்கிறேன், அவர் ஆண். இதுவும் பொய்யில்லை. கழகத்தில் கேட்டபோது இரண்டையும் சொன்னேன். அடுத்த போட்டிப் பட்டியலில் என் பெயர் இல்லை. வெளியாட்களுக்கு உரிய இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்கள். நான் எப்போது வெளியாள் ஆனேன்?'

கடிதத்தை வாசித்தவுடன் அதனை மடித்து வரவு இடாப்பினுள் வைத்துவிட்டோம். மூன்று கிழமை தொட்டோமில்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலே பயிற்சி பெற்று இத்தனை ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் எமக்கு, மாணாக்கர் வினாவுக்கு விடை கூறாது விடுதல் வழக்கமன்று. ஆயினும் இவ்வினா எம்மை அச்சுறுத்தியது. இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரிலே இப்பொருள் பற்றி எழுதலாமோ எனப் பின்னரும் தயங்கினோம். பெற்ற தாய்க்கு எழுதாததை எமக்கு எழுதியவர் அவர். அவர் நம் கல்லூரியின் பழைய மாணவருமாவர். அவருக்கு இம்மலரில் இடமில்லையெனின் வேறெங்கு இடமுண்டு?

நிற்க. சொற்பொருளைச் சிறிது தெளிவுபடுத்துதல் நன்று. ஆண் ஆணிடத்தும் பெண் பெண்ணிடத்தும் கொள்ளும் விருப்பைத் தன்பாலீர்ப்பு என்றும், இருபாலாரிடத்தும் செல்லும் விருப்பை இருபாலீர்ப்பு என்றும் இக்காலத்தார் வழங்குவர். இது நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 1990 ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பைத் தனது நோய்ப் பட்டியலினின்று நீக்கிற்று. எனினும் நம் நாட்டிலே 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365 ஆம் பிரிவும், 365 அ பிரிவும் இத்தகையோர் தலைமேல் தொங்குவன. 1995 இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது நீக்கம் நிகழவில்லை. பெண்களும் அதன் வலைக்குள் கொண்டுவரப்பட்டனர். இவ்வகை உறவைக் குற்றமென்னும் நிலையை அகற்றுதற்குக் கொண்டுவரப்பட்ட சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 இல் நம் உயர் நீதிமன்றம் கூறிற்று. அச்சட்டமூலம் சட்டமாகுமுன்னரே 2024 இற் பாராளுமன்றம் கலைந்தது. அயலகமாகிய இந்தியாவிலே உச்ச நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டு செப்டெம்பர் 6 ஆந் திகதி இக்குற்றநிலையை நீக்கிவிட்டது. வெள்ளைக்காரர் இருநாட்டுக்கும் ஒரே அச்சில் வார்த்துத் தந்த சட்டம் அங்கே போயிற்று, இங்கே நிற்கின்றது.

இந்நிலையில், விளையாட்டு மைதானம் இத்தகையோர்க்கு எத்தகைய இடமாயிருந்திருக்கும் என்பதை ஆசிரியராகிய நாம் ஊகித்தல் அரிதன்று. இடைவேளையிலே பந்தைத் தவறவிட்ட பையனை மற்றப் பையன்கள் எச்சொல்லால் ஏசுகின்றனர் என்பது நாள்தோறும் நம் காதில் விழுவதே. அச்சொல்லைக் கேட்டுக் கேட்டு மைதானத்தை விட்டே அகன்றவர் பலர். அவர்கள் தமக்கென மைதானம் தேடியதிற் குற்றமில்லை. 1977 இல் அமெரிக்காவிலே தன்பாலீர்ப்பினரின் மென்பந்தாட்டக் கூட்டணி ஒன்று தோன்றிற்று. (நம் தோட்டத்துப் பிள்ளைகள் ரெனிஸ் பந்து கொண்டு ஆடும் மென்பந்துத் துடுப்பாட்டம் வேறு, அமெரிக்கர் ஆடுவது பேஸ்போல் ஆட்டத்தின் இளவல்.) 1982 இல், 1968 ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பத்து அம்சப் போட்டியிலே ஆறாம் இடம் பெற்ற மருத்துவர் ரொம் வடெல் என்பார், சான் பிரான்சிஸ்கோவிலே தன்பாலீர்ப்பினர் விளையாட்டு விழாவைத் தொடக்கினார். அவ்விழாவிலே எவரும் கலந்து கொள்ளலாம் என்பது அவர் கொள்கை. மென்பந்தாட்டக் கூட்டணியோ வேறு வழி சென்றது. ஓரணியிலே எதிர்பாலீர்ப்புடையார் இருவர்க்கு மேற்படலாகாது என அஃது ஒரு விதி வகுத்தது.

அவ்விதியாலே விளைந்த வழக்கைச் சற்று விரித்துக் கூறுதல் வேண்டும். எமது மாணாக்கர் கேட்ட வினா அங்கே நீதிமன்றம் வரை சென்றது.

2008 ஆம் ஆண்டு அக்கூட்டணியின் உலகத் தொடர் சியாட்டில் நகரை அடுத்து நடைபெற்றது. சான் பிரான்சிஸ்கோவினின்று வந்த அணியொன்று இறுதியாட்டம் வரை முன்னேறியது. அவ்வணியிலே எதிர்பாலீர்ப்புடையார் இருவர்க்கு மேல் உளர் என முறைப்பாடு எழுந்தது. உடனே ஐவரை ஓர் அறைக்கு அழைத்தனர். அங்கே இருபத்தைந்து பேருக்கு மேற்பட்டோர் கூடியிருந்தனர். ஆட்டக்காரரை ஒவ்வொருவராக நிறுத்தி, உன் விருப்பு யாரிடத்துச் செல்வது என வினவினர். ஆணிடத்தோ பெண்ணிடத்தோ எனக் கேட்டபோது, இருபாலாரிடத்தும் என்ற விடையும் வந்தது. விதிநூலிலே இரண்டு சொற்களே இருந்தன. மூன்றாவது சொல்லுக்கு இடமிருக்கவில்லை. ஈற்றிலே ஒவ்வொருவரைப் பற்றியும் வாக்கெடுப்பு நடாத்தி, மூவர் தன்பாலீர்ப்பினர் அல்லர் எனத் தீர்மானித்தனர். அணியின் இரண்டாம் இடமும் பறிபோயிற்று.

ஒருவன் நெஞ்சிலே யார் இருக்கின்றனர் என்பதைக் கையுயர்த்தி வாக்களித்துத் தீர்மானித்த கூட்டம் எத்தகையது! அந்த இருபத்தைந்து பேரும் கொடியவர் அல்லர் என்பதை ஈண்டுக் கூறுதல் வேண்டும். அவர்களும் ஒரு காலத்திலே இத்தகைய அறைகளில் நிறுத்தி வைக்கப்பட்டவர்களே. தந்தையர் முன்னும், படைத்தலைவர் முன்னும், தொழில் தருவோர் முன்னும் 'நீ யார், சொல்' என மிரட்டப்பட்டவர்கள். மேசையின் இப்பக்கம் நின்றவர்க்கு அப்பக்கத்து நாற்காலி கிடைத்தவுடன் அந்த நினைவு மறந்துவிட்டது போலும்.

மூவரும் 2010 இல் வழக்குத் தொடுத்தனர். 2011 இலே நீதிபதி கூறிய தீர்ப்பு நம்மைச் சிந்திக்க வைப்பது. ஒரு கருத்தை உலகிற்கு எடுத்துரைக்கவென ஒன்றுகூடிய சங்கம், தன்னிற் சேர்வோரை வரையறுத்துக் கொள்ளும் உரிமையுடையது. ஆதலின் எதிர்பாலீர்ப்புடையாரின் தொகையை வரையறுத்தல் சட்டத்துக்கு மாறன்று என்றார் அவர். இதே தத்துவத்தைக் கொண்டே 2000 ஆம் ஆண்டிலே அமெரிக்க உச்ச நீதிமன்றம், தன்பாலீர்ப்புடைய சாரணத் தலைவர் ஒருவரை விலக்கச் சாரணர் சங்கத்துக்கு உரிமையுண்டு எனக் கூறியிருந்தது. அன்று அவர்களைப் புறந்தள்ளிய கதவே இன்று அவர்களது வீட்டுக் கதவாயிற்று. எனினும் நீதிபதி, அம்மூவரும் நடாத்தப்பட்ட முறை பற்றிய முறையீட்டைத் தள்ளிவிடவில்லை. அவ்வாண்டின் இறுதியில் இருதிறத்தாரும் இணங்கினர். கூட்டணியார் அம்மூவரையும் விலக்கியமை இருபாலீர்ப்புடையாரை உள்ளடக்கும் தம் நோக்கத்துக்கு இசைந்ததன்று என ஒப்புக்கொண்டு, அணியின் இரண்டாம் இடத்தை மீள ஏற்றனர். விதியையும் முன்னரே மாற்றிக்கொண்டனர்.

வரையறை வகுக்கும் உரிமை பற்றி நாம் நீதிபதியோடு மாறுபடுவதற்கில்லை. 'எல்லாரும் எல்லா அணியிலும் ஆடலாமே, வேலி எதற்கு?' என்று சொல்வோர் பெரும்பாலும் வேலியின்றி வாழ வாய்த்தவர்கள். கொழும்பிலே தமிழ் யூனியன் 1899 இல் ஏன் தோன்றிற்று? அதே ஆண்டிலே சிங்களவர் விளையாட்டுக் கழகம் தோன்றிற்று. பறங்கியர்க்கு 1896 இலும் சோனகர்க்கு 1908 இலும் கழகங்கள் அமைந்தன. இவற்றுக்கெல்லாம் முன்னதாகிய கொழும்புத் துடுப்பாட்டக் கழகம் நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. நம் மலைநாட்டிலும் துரைமார் கிளப்புகளின் புல்வெளியை வெட்டிச் சமன் செய்த கைகள் நம் பாட்டன்மாருடையவை. அதன்மேல் ஆடிய கால்கள் வேறு. ஆகவே தமக்கென ஒரு மைதானம் வேண்டுமென அக்காலத்தார் கருதியது இயல்பே. தமிழ் யூனியனிலிருந்தே சதாசிவம் வந்தார். 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணிக்கெதிராக இலங்கையை வழிநடாத்தினார். தோட்டத் தொழிலுக்கென இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரனாகிய முரளிதரனும் அக்கழகத்தின் ஆட்டக்காரரே.

ஆனால் இக்கதையின் பிற்பகுதியை நாம் மறத்தலாகாது. குருநாகலைப் பக்கத்துச் சிங்களவராகிய ரங்கன ஹேரத், முதலிற் சோனகர் கழகத்திலும் பின்னர்த் தமிழ் யூனியனிலும் பந்து வீசினார். அதனாலே தமிழ் யூனியன் தமிழ்ப் பெயரை இழந்ததோ? பெயர்ப்பலகை இன்றும் அவ்வாறே உள்ளது. வேலியைக் கட்டியவர்களே காலம் கனிந்தபோது படலையைத் திறந்து விட்டனர். 1888 இல் தோன்றிய இன்னொரு கழகம் 'நொன்டெஸ்கிறிப்ற்' எனத் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது. இன்ன வகையினர் எனச் சுட்டவொண்ணாதார் என்பது அப்பெயரின் பொருள். அக்காலத்துக் கொழும்பிலே யாருக்கோ நல்ல நகைச்சுவை இருந்திருக்கின்றது.

பம்பாயிலே இவ்விடர்ப்பாடு இன்னும் தெளிவாகத் தோன்றிற்று. ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என நான்கணிகள் பொருதிய போட்டியிலே, நான்கினுள்ளும் அடங்காத கிறித்தவர் முதலியோர் எங்கே ஆடுவது? 1937 இல் அவர்க்கென ஐந்தாம் அணியொன்று அமைந்தது. 'மற்றையோர்' என்பது அதன் பெயர். அப்பெயரோடு ஆடிய விஜய் ஹசாரே, 1943 ஆம் ஆண்டு இறுதியாட்டத்திலே அணி பெற்ற 387 ஓட்டங்களில் 309 ஓட்டங்களைத் தாமே பெற்றார். இந்து அணியினுள்ளேயும் எல்லாரும் ஒரு நிலையில் இருந்தாரல்லர். பாலு பல்வங்கர் என்னும் தீண்டப்படாதாராகக் கருதப்பட்ட பந்துவீச்சாளர், புனேயின் இந்துக் கழகத்துக்கு ஆடி வெற்றி தேடித் தந்தார். தேநீர் இடைவேளையில் அவருக்கு மண்டபத்தின் வெளியே மட்கலத்திலே தேநீர் கொடுக்கப்பட்டதென வரலாற்றாசிரியர் எழுதுவர். வெல்வதற்கு உள்ளே வா, அருந்துவதற்கு வெளியே நில். தேயிலை விளைவிக்கும் நமக்கு அந்தத் தேநீரின் கசப்பு விளங்கும். இந்துக் கல்லூரி எனப் பெயர் தாங்கிய நமக்கு இன்னும் சற்று மிகுதியாகவே விளங்குதல் வேண்டும். எமது மாணாக்கரின் கழகத்தாரும் ஓராண்டு காலம் அவரை ஆடவிட்டனர் என்பதைக் கருதுக.

எனவே எம் வழக்கு வேலியோடு அன்று. படலையில் நின்று வினவும் முறையோடேயாம். அவ்வினாவின் இயல்பை அறிய நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கதக்குறிச்சியிலே செங்கற் சூளைத் தொழிலாளர்க்கு மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 ஆம் ஆண்டு டோகா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றர் ஓட்டத்திலே வெள்ளிப் பதக்கம் பெற்றார். பின் ஒரு மருத்துவ சோதனை, பெண்ணென ஏற்கோம் என ஒரு முடிவு, பதக்கம் பறிக்கப்பட்டது. அவரது பொருள் வேறு, நாம் பேசும் பொருள் வேறு என்பதை அறிவோம். அவருடையது உடல் பற்றியது. இது விருப்புப் பற்றியது. எனினும் இரண்டிலும் மூடிய அறை ஒன்றே. நீ யாரென்பதை நீ சொல்லாதே, நாங்கள் சொல்கிறோம் என்னும் குரலும் ஒன்றே.

அக்குரலைச் சப்ரகமுவத் தோட்டங்களிற் பிறந்தவர் நன்கறிவர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவரென நிறுவு. அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தவரென நிறுவு என்றது. காட்டை வெட்டிக் கன்று நட்டவன் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவான்? எம் பாட்டனார் எழுத்தறியாதவர். தோட்டத்துப் பேர்ப் பதிவில் உள்ளதே அவர்க்குப் பெயர். 1964 இல் இரு பிரதமர்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கையிலே 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டனர். 150,000 பேரைப் பின்னர்ப் பேசலாமென ஒதுக்கினர். எம் பெரிய தந்தையார் தலைமன்னாரிற் கப்பலேறி நீலகிரி சென்றார். அங்கே அவரைச் சிலோன்காரர் என்றனர். எம் தந்தையார் இங்கேயே தங்கினார்; அவரை இந்தியாக்காரர் என்றனர். ஒரே தாயின் வயிற்றிற் பிறந்த இருவர்! 2003 இல் இயற்றப்பட்ட சட்டத்தினாலேயே எஞ்சியோரின் நாடற்ற நிலை நீங்கிற்று. நீ இதுவோ அதுவோ எனக் கேட்ட அதிகாரியிடம், 'ஐயா, இரண்டும் என் ஊரே' எனச் சொன்னவனுக்குப் படிவத்தில் எழுத ஒரு கட்டமும் இருக்கவில்லை.

இவ்வளவு அறிந்த நாமே ஒருகாற் பிழைத்தோம். அதனையும் இங்கு எழுதிவிடுதல் வேண்டும். நாம் முதன்முதற் கற்பித்த தோட்டப் பாடசாலைக்கும் அடுத்த சிங்களக் கிராமத்துக்கும் இடையே ஓர் ஓடை மட்டுமே உண்டு. சித்திரைப் புத்தாண்டு இருசாரார்க்கும் பொதுவாதலின், ஆண்டுதோறும் தோட்டத்தாரும் கிராமத்தாரும் மென்பந்துத் துடுப்பாட்டம் ஆடுவர். தந்தை தோட்டத்திற் பால் வெட்டுபவர், தாய் கிராமத்துப் பெண், இத்தகைய வீட்டுப் பையன் ஒருவன் எம் வகுப்பிலிருந்தான். தமிழும் சிங்களமும் அவன் நாவிலே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். தோட்டத்தார் அவனைக் கிராமத்தான் என்றனர். கிராமத்தார் 'வத்தே கொல்லா' என்றனர். தோட்டத்துப் பயல் என்பது பொருள். இரண்டணியிலும் இடமில்லை. நடுவராக நின்ற நாம், சண்டை வேண்டாமெனக் கருதி, அவன் கையிலே சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்துத் தகரத்தில் ஓட்டங்களை எழுதுமாறு நிறுத்தினோம். நல்ல தீர்வு கண்டோமென்ற மகிழ்ச்சியும் எமக்கிருந்தது. அவன் எழுத்து அழகாயிருந்தது. மூன்றாண்டு தொடர்ந்து அவனே எழுதினான். ஒரு முறையேனும் மட்டையைத் தொடவில்லை. மறுக்கவும் இல்லை, அது தான் எம்மை இன்றும் உறுத்துகின்றது.

இருபாலீர்ப்புடையார் பற்றி இருபக்கத்தாரும் கூறுவன இவ்வகையினவே. ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பர். நாளை மணமுடித்து ஊரோடு ஒத்துப்போய்விடுவர் என்பர் ஒரு சாரார். உண்மையை முழுதும் ஒப்புக்கொள்ள அஞ்சுகின்றனர் என்பர் மறுசாரார். ஊர் ஏசும்போது மட்டும் இருவரையும் ஒரே சொல்லால் ஏசும். எமது மாணாக்கர் தாம் வாழும் துணைவரோடு கைகோத்து நம் ஊர்ச் சந்தியில் நடப்பாராயின், எறியப்படும் கல் அவர் முன்னொரு நாள் பெண்ணை விரும்பியதை விசாரித்து விட்டா வரும்? அடிபடும் வேளையிலே உள்ளாள். ஆடும் வேளையிலே வெளியாள். இக்கணக்கு எமக்குச் சரியெனத் தோன்றவில்லை.

தமிழாசிரியராகிய எமக்கு இலக்கணம் நினைவுக்கு வருதல் இயல்பே. உயர்திணை, அஃறிணை எனப் பெயர்களைப் பிரித்த தொல்காப்பியர் அத்தோடு நின்றாரல்லர். இரு திணைக்கும் உரிய பெயர்களை விரவுப்பெயர் என வேறொரு வகையாக வைத்தார். சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது என இரண்டும் வழாநிலையே. அப்பெயரை அரைகுறைப் பெயரென்றோ, திணை மறைக்கும் பெயரென்றோ எவ்வுரையாசிரியரும் பழித்திலர். திணையும் விருப்பும் ஒன்றெனக் கூற வரவில்லை. பழஞ்சுவடிகளிலே இன்றைய வழக்குக்குச் சான்று தேடி இடர்ப்படும் நோக்கமும் எமக்கில்லை. இரண்டு கட்டம் கீறியவர் மூன்றாவதும் வேண்டுமெனக் கண்டால் அதனையும் கீறுதல் வேண்டும் என்பதே நாம் வகுப்பிற் கற்பிப்பது.

இனி, மெய்யான இடர் ஒன்றுண்டு. அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையன்று. வெற்றியை விரும்பும் அணியொன்று, திறமை மிக்க வெளியாரை அழைத்து வந்து, 'நானும் இருபாலீர்ப்பினனே' எனப் பொய் சொல்லுமாறு ஏவினால் என்செய்வது? அக்கூட்டணியார் அஞ்சியதும் இதனையே. அவ்வச்சம் வெறுங் கற்பனை அன்று. நம் தோட்டப் போட்டிகளிலும் அடுத்த தோட்டத்து ஆட்டக்காரனை மாமன் மகனெனச் சொல்லிக் கொண்டுவந்து இறக்குவோர் உளர். எனினும் அதற்கு மருந்து வேறு. அக்கூட்டணியாரே ஆட்டக்காரரின் திறமையைக் கேள்விகளால் அளந்து, அணிகளைப் பல பிரிவுகளாக வகுக்கும் முறையை வைத்திருக்கின்றனர். எவ்வளவு தூரம் அடிப்பான், எவ்வளவு விரைவாக ஓடுவான் என்பன கண்ணாற் காணத்தக்கவை. அவற்றை அளந்து தடுக்கலாம். நெஞ்சை அளக்கும் கோல் எவரிடத்தும் இல்லை. ஒருவன் தன்னைப் பற்றிக் கூறும் சொல்லை ஏற்றுக்கொள்வதனால் நூற்றில் ஒரு பொய்யன் நுழைவான் எனில், நுழையட்டும். பொய்யன் ஒருவன் பெறும் கிண்ணத்துக்கு அஞ்சி மெய்யர் பலரை அறையில் நிறுத்துதல் எவ்வாறு தகும்? அத்துடன், தன்னைப் பற்றி இவ்வாறு சொல்வதாலே வீட்டையும் தொழிலையும் இழக்க நேரும் உலகத்திலே, ஒரு கிண்ணத்துக்காக அதனைப் பொய்யாகச் சொல்ல முன்வருவோர் எத்தனை பேர் இருப்பர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இவற்றையெல்லாம் நாம் எமது மாணாக்கருக்கு எழுதினோமில்லை. மூன்று கிழமை பிந்தியமைக்கு வருந்துவதாகவும், கழகத்தாரிடம் மேற்கூறிய சியாட்டில் வழக்கை எடுத்துக்காட்டுமாறும் எழுதினோம். அணியிலே எந்த இடத்தில் நின்று ஆடுகின்றாய் எனவும் கேட்டிருந்தோம். பந்தை உயர்த்திக் கொடுப்பவன் நானே, அடிப்பவர் வேறொருவர் என விடை வந்தது. கழகத்தார் விதியைத் திருத்துவது பற்றி வருகின்ற பொதுக்கூட்டத்தில் ஆராய்வர் என்றும் எழுதியிருந்தார். தாயாருக்கு இன்னும் எழுதவில்லை. அதனைப் பற்றி நாம் வினவவும் இல்லை.

நமது துடுப்பாட்டப் போட்டி பற்றிய இரண்டாம் கூட்டத்திலே, விண்ணப்பப் படிவத்தில் 'எத்தரம் வரை கற்றவர்' என்னும் வினாவை நீக்கி, 'எவ்வாண்டு இங்குக் கற்றீர்' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுமாறு கேட்டோம். நீண்ட விவாதத்தின் பின் இரண்டு வாக்குகளால் அது நிறைவேறிற்று. எதிர்த்து வாக்களித்த இருவர் இன்னும் எம்மோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. சிங்களப் பாடசாலையிலும் படித்த அந்த அன்பர் ஆவணித் திங்கள் நடைபெறும் ஆட்டத்திலே பந்து வீசுகின்றார். ஓட்டங்களை எழுதுதற்கு ஒருவர் தேவை. பழைய மாணவருள் விரும்புவோர் செயலாளருக்கு அறிவித்தல் வேண்டும். மழை பற்றி மட்டும் எம்மால் உறுதி கூறவியலாது.